கோவையில் பறந்த விமானம் ஊட்டியில் ஏன் தடுமாறுகிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்; தவறாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது நல்லது. 1200 கிராம் எடையும் 1400 மி.மீ. சிறகு நீளமும் கொண்ட, சிறகு மேலே அமைந்த, ரிமோட்டில் இயக்கும் மாதிரிப் பயிற்சி விமானம் ஒன்றைக் கோவையில் நான்கு மாதம் பறக்கவிட்டிருக்கிறீர்கள். மூன்று செல் 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, 1000 கே.வி. மோட்டார் (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று), 10×5 ப்ரொப்பெல்லர் (விட்டம் 10 அங்குலம்; பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், 5 அங்குலம்), மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி. விடுமுறைக்கு ஊட்டிக்கு மேற்கேயுள்ள உங்கள் ஊருக்கு அதைக் கொண்டுவந்தபோது, கோவையில் இருபது அடி ஓடி எழும்பியது இங்கே நாற்பது அடி கேட்கிறது. எழும்பிய பிறகும் வால் தொங்கினாற்போலப் போகிறது. இரண்டு முறை திருப்பத்தில் ஒரு சிறகு சட்டென்று சாய்ந்து தரைக்கு வந்துவிட்டது. "வால் கனம், மூக்கில் எடை போடு" என்று ஒருவரும், "மலைக்கு இந்தச் சக்தி போதாது, நான்கு செல் பேட்டரி வாங்கு" என்று இன்னொருவரும் சொல்ல, எதைக் கேட்பது என்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டையும் கேட்க வேண்டாம் என்பதே என் பதில். இருவரும் பார்த்த அறிகுறி உண்மையானது. அதற்குச் சொன்ன காரணம்தான் ஐயத்துக்குரியது.

நான் பாலிடெக்னிக் ஒன்றின் இயந்திரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வானூர்திப் பொறியியல் படித்தவன் அல்லன். கோத்தகிரியில் இருந்துகொண்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாதிரி விமானங்களைச் செய்தும் உடைத்தும் வருகிறேன். ஆகவே கீழே வரும் கணக்குகளில் இயற்பியல் விதியிலிருந்து நேராக வருபவற்றை உறுதியாகவும், என் கைப்பழக்கத்திலிருந்து வருபவற்றைப் பழக்கம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். விமானத்தின் சமநிலைப் புள்ளி, அதாவது நம்மவர்கள் சி.ஜி. என்று சொல்லும் ஈர்ப்பு மையம், மலை ஏறினால் மாறாது. அது எந்தப் பொருள் எந்த இடத்தில் எவ்வளவு கனத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. அந்தப் புள்ளி சிறகில் எங்கே இருக்க வேண்டும் என்பதும் சிறகு, வால் ஆகியவற்றின் வடிவத்தையே பொறுத்தது. காற்றின் அடர்த்தி சிறகையும் வாலையும் ஒரே விகிதத்தில் பாதிப்பதால், கோவையில் சரியாக இருந்த புள்ளி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சரியாகவே இருக்கும். மாறுவது காற்று. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியாறு தாண்டிக் குன்னூர் வருவதற்குள் தலையணைபோல் உப்புவதை நீங்களே எத்தனையோ முறை பேருந்தில் பார்த்திருப்பீர்கள். வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது என்பதைத்தான் அந்தப் பாக்கெட் சொல்கிறது. குக்கர் இல்லாமல் ஊட்டியில் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான்.

கோவையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர், ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 2240 மீட்டர். கோவையில் 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.11 கிலோ இருக்கும். ஊட்டியில் 18 டிகிரி வெயிலில் சுமார் 0.92 கிலோதான். அதாவது ஆறில் ஒரு பங்கு காற்று காணாமற்போய்விட்டது. ஊட்டியின் குளிர் இதில் கொஞ்சம் நமக்குச் சாதகம், ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அந்தக் குளிர் இல்லாவிட்டால் குறைவு ஐந்தில் ஒரு பங்காகியிருக்கும். கோத்தகிரி ஏறத்தாழ 1790 மீட்டர் என்பதால் என் கணக்கு உங்களுடையதைவிடக் கொஞ்சம் இளகியது. தொட்டபெட்டா உச்சியில் நின்று பறக்கவிட முடிந்தால் அது 2637 மீட்டர், நிலைமை இன்னும் இறுகும்.

இந்த ஆறில் ஒரு பங்கு சிறகுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். தூக்குவிசை காற்றடர்த்தியோடு நேர்விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்தோடும் போகிறது. ஆகவே அதே எடையைத் தாங்க வேகம் ஏறத்தாழ பத்து சதவீதம் கூட வேண்டும். உங்கள் சிறகின் அகலம் 210 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள், பரப்பு 29 சதுர டெசிமீட்டருக்குச் சற்று அதிகம். இத்தகைய தடித்த பயிற்சிச் சிறகுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண்ணை வைத்துக் கணக்கிட்டால், நேராகப் பறக்கும்போது ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் சிறகு தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், கோவையில் மணிக்கு 29 கிலோமீட்டர் அளவிலும் ஊட்டியில் 32 அளவிலும் வரும். மூன்று கிலோமீட்டர்தானே என்று தோன்றும். 45 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திரும்பும்போது சிறகு தாங்க வேண்டிய பாரம் எடையைப்போல் 1.4 மடங்காகிறது, ஸ்டால் வேகமும் கோவையில் 35, ஊட்டியில் 38 என்று ஏறிவிடுகிறது. கோவையில் நான்கு மாதம் பழகிய உங்கள் கண்ணும் கட்டைவிரலும் 36 கிலோமீட்டர் வேகத்தை 'இது போதும்' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. கோவையில் அந்த வேகத்தில் திருப்பினால் மயிரிழையில் தப்பியிருப்பீர்கள், தப்பியதே தெரிந்திராது. இங்கே அதே வேகத்தில் அதே அளவு சாய்த்தால் உள்பக்கச் சிறகு விழுந்துதான் தீரும். உங்கள் இரண்டு விபத்துகளும் திருப்பத்தில் நடந்ததற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வால் தொங்கினாற்போலப் பறப்பதற்கும் இதே கணக்குத்தான். மெல்லிய காற்றில் பழைய வேகத்தில் பறக்க வேண்டுமானால் சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் அதிகமாக வேண்டும். ஆகவே மூக்கு மேலும் வால் கீழுமாக விமானம் தவழ்கிறது. தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது அச்சு அசலாக வால் கனம் போலவே தெரியும். உங்கள் நண்பர் ஏமாந்ததில் வியப்பில்லை. ஆனால் வால் கனத்துக்கு வேறு அடையாளம் உண்டு: எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பை) இம்மியளவு தொட்டாலே விமானம் குதிக்கும், ஒரே உயரத்தில் நிறுத்தவே முடியாது, கையை எடுத்தால் மேலேயோ கீழேயோ ஓடிவிடும். நீங்கள் எழுதியிருப்பது அதுவன்று. மந்தமாக, கனமாக, எலிவேட்டரை இழுத்தும் எழும்பாமல் போவதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட விமானத்தின் மூக்கில் ஐம்பது கிராம் ஈயத்தை வைத்தால் எடையும் கூடும், மூக்கைத் தூக்க வால் இன்னும் கீழ்நோக்கி அழுத்த வேண்டியும் வரும். அந்த அழுத்தத்தையும் சேர்த்துச் சுமப்பது சிறகுதான். ஓட வேண்டிய தூரம் இன்னும் நீளும்.

இத்தனை சொன்ன பிறகும் உங்கள் சமநிலை சரியாகவே இருக்கிறது என்று நான் சான்று கொடுக்க மாட்டேன், தம்பி. உங்கள் கேள்வியின் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: கிளம்புவதற்கு முதல் வாரம் வாற்பகுதி உடைந்து, எபாக்சியும் மூங்கில் குச்சியும் வைத்து ஒட்டினேன் என்று. மலை சமநிலையை மாற்றாது, எபாக்சி மாற்றும். பசையும் குச்சியும் சேர்ந்து பத்து கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது சமநிலைப் புள்ளியிலிருந்து 650 மி.மீ. பின்னால் இருக்கிறது. பத்தை 650ஆல் பெருக்கினால் 6500. அதை மொத்த எடையால் வகுத்தால் புள்ளி ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் நகர்ந்திருக்கிறது. தாங்கக்கூடிய அளவுதான், ஆனால் ஏற்கெனவே எல்லையில் இருந்த விமானத்துக்கு அது போதும். வாலில் ஒட்டும்போது எப்போதும் பசையைத் தராசில் வைத்துக் கலக்குங்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான்.

ஆகவே முதல் வேலை மேசையில். சிறகின் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி 59 முதல் 63 மி.மீ. வரை, அதாவது அகலத்தில் 28 முதல் 30 சதவீதத்தில், சிறகின் அடியில் உடலுக்கு இருபுறமும் பென்சிலால் கோடு போடுங்கள். உங்கள் சிறகு முழுக்க ஒரே அகலம் என்பதால் இது நேரான வேலை. நுனி குறுகிய சிறகாக இருந்தால் சராசரி அகலத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். விமானத்தோடு வந்த கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி, மூடி, ப்ரொப்பெல்லர் எல்லாம் பறக்கும்போது இருப்பதுபோலவே பூட்டியிருக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் சமநிலை பார்ப்பவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். விரல் நுனியில் தூக்கிப் பார்க்கலாம், ஆனால் விரல் சதை அகலமானது, நான்கைந்து மில்லிமீட்டர் ஏமாற்றும். நான் பலகைத் துண்டில் இரண்டு பென்சில்களைச் செங்குத்தாக நட்டு, மேலே இருக்கும் ரப்பர் முனையில் சிறகை உட்கார வைக்கிறேன். சன்னல்களைச் சாத்திவிடுங்கள், மின்விசிறி இருந்தால் நிறுத்திவிடுங்கள். மூக்கு ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றால் நான் திருப்தியடைவேன்.

புள்ளி பின்னால் போயிருந்தால் ஈயத்தைத் தேடாமல் பேட்டரியை நகர்த்துங்கள். எடுத்துக்காட்டாக, 12 மி.மீ. பின்னால் இருக்கிறது என்றால் 1200ஐ 12ஆல் பெருக்கிப் பேட்டரியின் எடையால் வகுக்க வேண்டும். மூன்று செல் 2200 பேட்டரி சுமார் 190 கிராம் என்றால் அதை 76 மி.மீ. முன்னால் தள்ளினால் போதும், எடை ஒரு கிராம்கூட ஏறாது. அதே வேலையைப் புள்ளிக்கு 250 மி.மீ. முன்னால் ஈயம் வைத்துச் செய்தால் 58 கிராம் சுமக்க வேண்டியிருக்கும். மெல்லிய காற்றில் 58 கிராம் என்பது ஒவ்வொரு முறை பறக்கும்போதும் கட்ட வேண்டிய வாடகை. பேட்டரி அறையில் இடமில்லாவிட்டால் முன்பலகையின் நுரையைக் கொஞ்சம் செதுக்கி இடம் செய்யுங்கள். கடைசி ஐந்து, பத்து கிராமுக்கு மட்டும் எடை ஒட்டலாம். என் பெட்டியில் அதற்கென்று பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசுகள் கிடக்கின்றன, அந்த வெள்ளை நிறக் காசு ஒன்று சரியாக 9 கிராம். பக்கவாட்டுச் சமநிலையையும் பார்த்துவிடுங்கள்: ப்ரொப்பெல்லர் தண்டையும் வாலின் நடுவையும் நூலில் தொங்கவிட்டால் எந்தச் சிறகு தாழ்கிறதோ அதன் எதிர்ச் சிறகின் நுனியில் ஒரு காசு. விபத்தில் ஒரு சிறகை மட்டும் ஒட்டியவர்களுக்கு இது மிக அவசியம், ஏனென்றால் ஸ்டால் ஆகும்போது எப்போதும் ஒரே பக்கம் விழும் விமானத்தில் கனத்த சிறகு ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

பறந்தபடியே சோதிக்கும் முறை ஒன்று எல்லோரும் சொல்வார்கள்: நல்ல உயரத்தில் நேராகப் பறக்கும்படி ட்ரிம் செய்துவிட்டு, மூக்கை 45 டிகிரி கீழே சாய்த்துக் கையை எடுங்கள், தானாக வேகமாக நிமிர்ந்தால் மூக்கு கனம், அப்படியே போனால் நடுநிலை, மேலும் குப்புறக் கவிழ்ந்தால் வால் கனம் என்று. இதை நானும் செய்கிறேன், ஆனால் இதை ஐயத்துக்குரியவற்றின் பட்டியலில்தான் வைக்கிறேன். த்ராட்டில் (மோட்டாருக்குக் கொடுக்கும் விசை) கொடுத்தபடியே இருந்தால் மோட்டாரின் சாய்வு விடையைக் குழப்பும். நுரைச் சிறகு வேகத்தில் முறுக்கிக்கொண்டால் விடையே தலைகீழாகலாம். முழு த்ராட்டில் கொடுக்கும்போது மட்டும் மூக்கு மேலே போகிறதென்றால் அது சமநிலைக் குற்றமே அன்று. மோட்டாரின் முன்தகட்டை இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டிய வேலை. மேசையில் அளந்ததையும் வானில் கண்டதையும் சேர்த்துப் பாருங்கள்; இரண்டும் முரண்பட்டால் மேசையையே நம்புங்கள்.

இனிச் சக்தி. இங்கே மின் மோட்டாருக்கும் எரிபொருள் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் மெத்தனாலில் ஓடும் சிறிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றைக் கோவையில் நன்றாக டியூன் செய்து கோத்தகிரிக்குக் கொண்டுவந்தேன். இங்கே வந்ததும் கரும்பாலைபோலப் புகைந்தது, திக்கித் திணறியது, அடிவயிறு முழுக்க எண்ணெய் வழிந்தது. காற்று குறைந்துவிட்டதால் அதே எரிபொருள் அதற்கு அதிகமாகிவிட்டது. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைச் சில பற்கள் உள்ளே திருகிய பிறகுதான் தெளிந்தது. தெளிந்தாலும் பழைய வலு வரவில்லை, வரவும் வராது, ஏனென்றால் எரிவதற்கு வேண்டிய காற்றே குறைவு. மின் மோட்டாருக்கு மூச்சு வேண்டாம். பேட்டரியும் மோட்டாரும் கடல்மட்டத்தில் கொடுக்கும் அதே வலுவை ஊட்டியிலும் கொடுக்கத் தயாராக நிற்கின்றன; அதை வாங்கிக் காற்றில் இறக்க வேண்டிய ப்ரொப்பெல்லருக்குத்தான் பிடி இல்லை. மணலில் மிதிவண்டி ஓட்டுபவனின் காலில் பலம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே.

உங்கள் 10×5 இங்கே என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சுமை குறைந்ததால் மோட்டார் மூன்று நான்கு சதவீதம் வேகமாகச் சுற்றும். ஆனாலும் நின்ற இடத்தில் கிடைக்கும் உந்துவிசை ஏறத்தாழ பத்து சதவீதம் குறையும். பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டமும் கிட்டத்தட்ட அதே பத்து சதவீதம் குறையும். கோவையில் முழு த்ராட்டிலில் 22 ஆம்பியர் இழுத்திருந்தால் இங்கே 20 அளவில் காட்டும். எழும்ப வேண்டிய வேகத்தின் வர்க்கம் இருபது சதவீதம் கூடி, உந்துவிசை பத்து சதவீதம் குறைந்தால், ஓட வேண்டிய தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்; இருபது அடி இருபத்தேழு அடியாகும். உங்களுக்கு நாற்பது அடி ஆனதற்கு மிச்சக் காரணம் தரைதான் என்று சந்தேகிக்கிறேன். நம் மைதானங்களில் மெத்தைபோல் அடர்ந்து கிடக்கும் கிக்கூயூ புல்லில் இரண்டங்குலச் சக்கரம் பாதி புதைந்துவிடும். ஒருமுறை தார்ச் சாலையிலோ வழித்துவிட்ட மண்தரையிலோ ஓட்டிப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். புல்தான் குற்றவாளி என்றால் பெரிய சக்கரம் மாட்டுங்கள், அல்லது நண்பர் ஒருவரைக் காற்றுக்கு எதிராக ஓடிக் கையால் எறியச் சொல்லுங்கள்.

நான்கு செல் பேட்டரி இதற்கு ஏன் மருந்தன்று என்று சொல்கிறேன். 11.1 வோல்ட்டிலிருந்து 14.8க்குப் போனால் அதே ப்ரொப்பெல்லர் மூன்றில் ஒரு பங்கு வேகமாகச் சுற்ற முயலும். அது உறிஞ்சும் வலுவோ வேகத்தின் முப்படியாகப் போவதால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஊட்டியின் மெல்லிய காற்றுக்குக் கழித்துக்கொண்டாலும் உங்கள் 30 ஆம்பியர் இ.எஸ்.சி. அதைத் தாங்குவது கடினம். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆசையில் மூன்று செல் விமானத்தில் நான்கு செல்லை மாட்டினேன். இருபது விநாடிகள் ராக்கெட்போல ஏறியது, மைதானத்தில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு மோட்டார் நின்றது. அதோடு வாலையும் சிறகு மடிப்புகளையும் அசைக்கும் சர்வோக்களும் நின்றன, ஏனென்றால் ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவருக்கு ஐந்து வோல்ட் கொடுப்பதும் அதே இ.எஸ்.சி.தான், கூடுதல் வோல்ட்டை வெப்பமாக எரித்துத் தள்ளும் பழைய வகை. தேயிலைத் தோட்டத்தின் சில்வர் ஓக் மர உச்சியில் போய் உட்கார்ந்ததை ஒரு தொழிலாளி ஏறி எடுத்துக் கொடுத்தார். இ.எஸ்.சி.யைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை வறுத்த அப்பளம்போல் கொப்பளித்திருந்தது. போதாக்குறைக்கு நான்கு செல் பேட்டரி அறுபது கிராமாவது கூடுதல் எடை. அது போய் உட்காரும் இடத்தைப் பொறுத்து நீங்கள் மேசையில் பார்த்த சமநிலையும் போயிற்று.

செய்ய வேண்டியது ப்ரொப்பெல்லரை மாற்றுவது. ஒரு ப்ரொப்பெல்லரின் சுமை அடர்த்தியோடும் பிட்ச்சோடும் நேர்விகிதத்தில் போகும், விட்டத்தோடு நான்காம் படியில் போகும் என்பது போதுமான அளவு நம்பத்தக்க கணக்கு. 10×6 மாட்டினால் பிட்ச் கூடியது அடர்த்தி குறைந்ததை ஈடுகட்டி, மோட்டார் கோவையில் உணர்ந்த அதே சுமையை இங்கே உணரும். 11×5 மாட்டினால் விட்டத்தால் சுமை ஒன்றரை மடங்கை நெருங்கும். மெல்லிய காற்று ஆறில் ஒரு பங்கைக் கழித்த பிறகு கோவைச் சுமையைவிட இருபது சதவீதம் அதிகமாக நிற்கும். இரண்டில் எது? உங்கள் 10×5 நிமிடத்துக்கு 8300 சுற்றில் மணிக்கு 63 கிலோமீட்டர் வேகத்துக்குரிய பிட்ச்சைக் கொண்டிருக்கிறது. 32 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானத்துக்கு அது போதுமானது. உங்களுக்குக் குறைவது வேகம் அன்று, பிடி. பிடி விட்டத்தில்தான் கிடைக்கும். ஆகவே நான் 11×5க்கே போவேன், ஆனால் வாட் மீட்டர் கையில் இல்லாமல் போக மாட்டேன். அந்த மீட்டரைப் பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவே மாட்டி, விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, முழு த்ராட்டிலில் பத்து விநாடி மட்டும் ஓட்டுங்கள். 25, 26 ஆம்பியருக்குள் நின்று, மோட்டாரை உடனே தொட்டால் விரல் வைத்திருக்க முடிகிற சூடாக இருந்தால் சரி. 28ஐத் தாண்டினால் 10×6க்குத் திரும்பிவிடுங்கள். குளிர் ஊர்தானே, சூடாகாது என்று நினைக்க வேண்டாம். மெல்லிய காற்று வெப்பத்தைக் கொண்டுபோவதிலும் மெல்லியதுதான். அதே ப்ரொப்பெல்லரைக் கோவைக்குத் திரும்பிப் போகும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். அங்கே அது இ.எஸ்.சி.யைத் தின்றுவிடும்.

வாட் கணக்கில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சி விமானத்துக்கு ஒரு கிலோவுக்கு 200 வாட் என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு, விதி அன்று. உங்கள் 1200 கிராமுக்கு 240 வாட் வருகிறது. மலையில் நான் இருபது சதவீதம் சேர்த்து 290 வாட் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த இருபது என் பழக்கமே தவிர எந்தச் சூத்திரமும் அதைக் கட்டளையிடவில்லை. புதிய ப்ரொப்பெல்லரை மாட்டுமுன் அதையும் ஒரு மெல்லிய ஆணியில் கோத்துச் சமநிலை பாருங்கள். கனத்த அலகின் பின்புறத்தை உப்புத்தாளால் தேய்க்கலாம், அல்லது லேசான அலகில் செலோடேப் துண்டு ஒட்டலாம். விட்டம் ஓர் அங்குலம் கூடினால் அலகு தரையை நோக்கி அரை அங்குலம் நீளும் என்பதையும் நினைவில் வையுங்கள்; கிக்கூயூ புல்லுக்கு அந்த அரை அங்குலம் இனிப்பு.

பேட்டரியைப் பற்றி ஒன்று. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி குளிர்ந்து கிடந்தால் அதன் உள்தடை கூடி, த்ராட்டில் கொடுத்ததும் வோல்ட் படுத்துவிடும், இ.எஸ்.சி. பேட்டரி தீர்ந்துவிட்டதென்று எண்ணி மோட்டாரை நிறுத்திவிடும். இதையும் 'மலையில் சக்தி போதவில்லை' என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மைதானத்துக்குப் போகும்வரை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிறைந்திருக்கும், ஓய்வில் 3.7க்கு வரும்போது இறக்கிவிடுங்கள், 3க்குக் கீழே ஒருபோதும் போக விடாதீர்கள், உறைநிலையில் சார்ஜ் போடாதீர்கள்.

பறக்கவிடும் நேரத்தில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: திருப்பத்தை அகலமாக்குங்கள். அதே சாய்வில் திரும்பினால் இங்கே வட்டத்தின் ஆரம் இருபது சதவீதம் பெரிதாகத்தான் வரும். அதைக் கோவை அளவுக்கு இழுத்துப் பிடிக்க முயலும்போதுதான் சிறகு விழுகிறது. 30 டிகிரிக்கு மேல் சாய்க்காமல், த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டியே திருப்புங்கள். இறங்கும்போது விமானம் உங்கள் கண்ணுக்கு அநியாய வேகமாகத் தெரியும். அந்த வேகம் சரிதான், பயந்து குறைக்க வேண்டாம். சரிவில் நின்று பறக்கவிடும்போது அடிவானமே சாய்ந்திருப்பதால் சிறகு மட்டமா என்பதில் கண் ஏமாறும். யூகலிப்டஸ் வரிசைக்குப் பின்னால் காற்று உருண்டு கீழே அமுக்கும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை, பள்ளத்தாக்குக் காற்று ஏறத் தொடங்குமுன், பரிசோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளுக்குள் நம் மாதிரி விமானங்களும் வருகின்றன. ராணுவ முகாம் உள்ள வெலிங்டன், வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ள அருவங்காடு, புலிகள் காப்பகமான முதுமலைப் பக்கம் எண்ணவே வேண்டாம், முத்தோரை ரேடியோ தொலைநோக்கியின் அருகிலும் ரிமோட்டை எடுக்காதிருப்பது மரியாதை.

விமானத்தை நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவே. எபாக்சி எவ்வளவு ஊற்றினீர்கள், ஒட்டியபோது வாற்சிறகு ஒரு டிகிரி திரும்பிவிட்டதா என்பதெல்லாம் இங்கிருந்து தெரியாது. வாற்சிறகு கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் அது குழப்பும், ஆகவே சிறகுக்கும் வாலுக்கும் இடையிலான கோணத்தை முதலில் ஓர் அளவுகோலால் சரிபாருங்கள். பிறகு மூன்று எண்களை இங்கே எழுதுங்கள்: முன்விளிம்பிலிருந்து சமநிலைப் புள்ளி எத்தனை மி.மீ., இப்போதைய 10×5இல் ஊட்டியில் மீட்டர் காட்டும் ஆம்பியர், எல்லாம் பூட்டிய நிலையில் மொத்த எடை. அடுக்களைத் தராசு போதும். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.